அம்மாவுக்கு வாசித்த ஓலை

எங்கள் கத்தோலிக்கக் குடும்பங்களில் யாரும் ரகசியமாகக் கல்யாணம் செய்துகொள்ள முடியாது. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை, பூசை நடுவில், பிரசங்கத்துக்கு முன்பு, இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் என்று சாமியார் சபையறியப் படிப்பார். அதற்கு ஓலை வாசிப்பது என்று பெயர். ஓலையெல்லாம் என் காலத்திலேயே கிடையாது, காகிதம்தான். வாசித்து முடித்ததும், "இதற்கு விக்கினம் உண்டென்று அறிந்தவர்கள் வந்து தெரியப்படுத்தக் கடவார்கள்" என்பார். விக்கினம் என்றால் தடை. பிள்ளைக்கு வேறு ஊரில் பெண்டாட்டி இருக்கிறாள், பெண்ணும் பிள்ளையும் நெருங்கிய ரத்த உறவு, அப்படி ஏதாவது. சின்ன வயதில் பூசையிலேயே எனக்குப் பிடித்த இடம் அதுதான். யாராவது எழுந்து கத்தமாட்டார்களா என்று கழுத்தை நீட்டிக்கொண்டு காத்திருப்பேன். ஒருவரும் கத்தியதில்லை.

யுத்தம் முடிந்த மறு வருஷம், பாஸ்குத் திருநாளான ஈஸ்டர் கழிந்து வெயில் ஏறிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் அம்மாவுக்கு ஓலை வாசித்தார்கள்.

நான் அப்போது கல்யாணமாகி தியாகராய நகரில் குடியிருந்தேன். இடுப்பில் ஒரு குழந்தை. அம்மா சாந்தோமில், நாங்கள் பிறந்து வளர்ந்த வீட்டில், அண்ணனோடு இருந்தாள். பெண்கள் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். அப்பா துறைமுக ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து, நெஞ்சு வலியில் போய்ச் சேர்ந்து எட்டு வருஷமாகியிருந்தது. அதே ஆபீசில் அண்ணனுக்கும் வேலை கிடைத்து, அவனுக்கு அப்போதுதான் பெண் பார்க்க ஆரம்பித்திருந்தோம். "இந்த ஞாயிறு பூசைக்கு இங்கேயே வந்துடு, கறி எடுக்கிறேன்" என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிப் பொறுக்கிக் கண் பூத்துப்போயிருந்த காலம். கறி என்றதும் நான் முதல் பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டேன்.

பெண்கள் பக்கம், முக்காடு போட்டுக்கொண்டு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெள்ளைப் புடவை, நீலக்கரை, எப்போதும் போலத்தான். சாமியார் காகிதத்தைப் பிரித்தார். முதலில் அப்பாவின் பெயர் காதில் விழுந்தது. செத்துப்போனவர் பெயரை ஓலையில் ஏன் படிக்கிறார், ஆத்துமப் பூசைக் காகிதத்தை மாற்றி எடுத்துவிட்டாரோ என்று நினைத்தேன். அவர் நிறுத்தவில்லை. அன்னாருடைய விதவை என்று அம்மாவின் பெயரைப் படித்தார். அவளுக்கும், மனைவியை இழந்தவரும் இப்பங்குக் கோயிலைச் சேர்ந்தவருமான இன்னாருக்கும் மெய்விவாகம், இது முதல் ஓலை என்றார்.

அந்த இன்னார் என் ஞானத்தகப்பன்.

ஞானஸ்நானத்தின்போது என்னைக் கையில் ஏந்தி நின்றவர். அப்பாவின் சிநேகிதர், ஆண்கள் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். அவரை 'ஞானப்பா' என்று கூப்பிடுவேன். கிறிஸ்துமஸுக்குப் பாவாடைத் துணி வாங்கி வருவார். புது வருஷத்தன்று நான் போய் முழங்காலிட்டால் நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வதிப்பார். அப்பா இருந்தவரை எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மணைகளில் ஒன்று அவருடையது. அப்பா போய் ஒன்றிரண்டு வருஷத்துக்குப் பிறகு வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. வெளியே நின்றே நலம் விசாரித்துவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போய்விடுவார். மரியாதை தெரிந்த மனிதர் என்று தெருவே புகழும்.

குழந்தை மடியிலிருந்து நழுவியதுகூடத் தெரியவில்லை, பின்னாலிருந்தவள் பிடித்துக்கொண்டாள். கோயில் முழுக்க ஒரு முனகல் எழுந்து அடங்கியது. அம்மாவைப் பார்த்தேன். ஜெபமாலையில் ஒரு மணியைத் தள்ளிவிட்டு அடுத்த மணிக்குப் போனாள். அவ்வளவுதான். எனக்கு வந்த கோபத்தில் அந்த ஜெபமாலையைப் பிடுங்கி எறியலாம் போலிருந்தது.

பூசை முடிந்து வெளியே வந்தால், மரத்தடியில் ஞானப்பா நிற்கிறார். என் முகத்தைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது.

"கண்ணு, உனக்குத் தெரியாதா? டீச்சர் சொல்லிட்டேன்னாங்களே!"

அம்மாவை அவர் டீச்சர் என்றுதான் சொல்வார். கல்யாண ஓலை வாசித்த பிறகும் டீச்சர்தான். நான் திரும்பிக்கொண்டேன். கோயிலில் ஜெபம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் அதற்குள் அண்ணனை மறித்து நின்று, ஊருக்கே கேட்கும்படி ரகசியம் பேசிக்கொண்டிருந்தார்.

"தம்பி, இது பெரிய பாவமாச்சே! புள்ளையோட ஞானத்தகப்பனும் பெத்த தாயும் கட்டிக்கலாமா? ஞான உறவு, கூடப் பொறந்தவங்க மாதிரி. சாமி எப்படிக் கவனிக்காம விட்டாரு?"

இதை நாங்களும் சிறு வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள்தான். ஞானஸ்நானத் தொட்டியருகே நின்றவர் அந்தக் குழந்தையின் பெற்றோருக்கு உடன்பிறப்பு. அவர்களுக்குள் விவாகம் கூடாது. எங்கள் பங்கில் இதை அறியாத கிழவி கிடையாது.

வீட்டுக்குள் நுழைந்ததும் அண்ணன் கதவைச் சாத்தினான். அம்மா புடவையைக்கூட மாற்றாமல் அடுப்பை மூட்ட உட்கார்ந்தாள்.

"பேரப்புள்ள எடுத்த வயசுல உனக்கு என்ன கேடு?" என்று கத்தினான். "நாளைக்கு எனக்கு எவன் பொண்ணு குடுப்பான்? ஆபீஸ்ல எப்படித் தலை காட்டுவேன்? எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

அம்மா ஊதுகுழலைக் கீழே வைத்தாள்.

"வீட்ல கேட்டா, வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிடுவீங்க. ஏன்னு நான் கேட்க முடியாது. கோயில்ல கேட்டா, வேணாம்கிறவன் காரணம் சொல்லணும்."

நான் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டேன். இவள் யார்? கடைக்குப் போவதென்றால்கூட, "போய்ட்டு வரட்டுமா?" என்று மகனிடம் கேட்கிற என் அம்மாவா? யாரோ ஒரு வக்கீலம்மா வந்து எங்கள் அடுப்படியில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது.

"காரணம்தானே?" என்றான் அண்ணன். "இருக்கு. இவதான் காரணம்." என்னைக் காட்டினான். "இவளோட ஞானஸ்நானமே விக்கினம். இவளையே கூட்டிட்டுப் போய்ச் சொல்றேன்."

"போய்ச் சொல்லு" என்றாள் அம்மா. அடுப்பு பிடித்துக்கொண்டது. கறிக்குழம்பு கொதித்து இறங்கியது. யாரும் தொடவில்லை. நான் மட்டும், பால் கொடுக்கிறவள் என்று சாக்குச் சொல்லிக்கொண்டு கொஞ்சம் சாப்பிட்டேன்.

அன்று சாயங்காலமே அண்ணன் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என்னோடு தியாகராய நகருக்கு வந்துவிட்டான். எங்களை ஏற்றிப்போன ரிக்‌ஷாக்காரர் சாந்தோமையே சுற்றி வருகிறவர். இழுத்துக்கொண்டே திரும்பிக் கேட்டார்.

"இன்னாம்மா, டீச்சரம்மாவுக்குக் கண்ணாலமாமே? ஊரே பேசிக்கினு கீது. மெய்யாவா?"

"நீ ரோட்டைப் பார்த்து இழுப்பா" என்றேன்.

"இழுத்துக்கினுதான் கீறேன். நல்லதுதானேம்மா, தொணைக்கு ஒரு ஆள் வாணாவா?"

அண்ணன் லஸ் முனையிலேயே வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டான். அங்கிருந்து பஸ். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? என் வீட்டுக்காரர் கதையைக் கேட்டு, "பரவாயில்லையே அத்தை!" என்று சிரித்தார். அந்த வாரம் முழுவதும் நான் அவரோடு பேசவில்லை.

வாரத்தின் நடுவில் நானும் அண்ணனும் சாமியாரைப் பார்க்கப் போனோம். இளவயதுச் சாமியார், எங்கள் பங்குக்கு வந்து அதிக நாளாகவில்லை. அண்ணன் பாடம் ஒப்பிக்கிறவனைப் போல எல்லாவற்றையும் சொன்னான். இவள் பிறந்தபோது ஞானஸ்நானத்தில் ஏந்தியவர் அவர், ஆகவே அம்மாவுக்கும் அவருக்கும் ஞான உறவு, ஆகவே விக்கினம். சாமியார் பொறுமையாகக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீ பிறந்தது எப்போ, யுத்தத்துக்கு முன்னாடியா? முந்தின யுத்தத்தைக் கேட்கிறேன்."

"அது முடிஞ்சு ரெண்டு வருஷம் கழிச்சு, சாமி."

"அப்போ நீ பிறக்கிறதுக்கு முன்னாலேயே ரோமாபுரியில அந்தச் சட்டத்தை எடுத்துட்டாங்க. தாய் தகப்பனுக்கு இப்போ ஞான உறவு கிடையாது. ஞானப்பிள்ளைக்கும் ஞானத்தகப்பனுக்கும் மட்டும்தான். அவரை நீ கட்டிக்க முடியாது. உங்கம்மா கட்டிக்கலாம்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் அவரைக் கட்டிக்கொள்வதா! சாமியார் எங்கள் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தார்.

"கொஞ்சநாள் முன்னாடி உங்கம்மா பள்ளிக்கூடத்துல, ஞானோபதேச வகுப்புல இதைத்தான் சொல்லிட்டிருந்தேன். உங்கம்மா பின்னால நின்னுட்டிருந்தாங்க. 'அப்போ புள்ளையோட தாய்க்கு?' அப்படின்னு கேட்டாங்க. தாய்க்கு ஒண்ணுமில்லை டீச்சர், அது போய் எத்தனையோ வருஷமாச்சுன்னேன். சரிங்க சாமின்னுட்டு, பிள்ளைகளை ஜெபம் சொல்லச் சொல்லிட்டு, பலகையைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. தலைசுத்துதோன்னு நினைச்சேன்."

வெளியே வந்ததும் அண்ணன் கொதித்தான். "ரோமாபுரியில எடுத்தா எடுத்துக்கட்டும். மூணாவது ஓலை வாசிக்கிறப்போ நான் எழுந்து நிக்கிறேன். சபை முன்னாடி சொல்றேன். அதுக்கு மேல எப்படி நடக்குதுன்னு பார்க்கலாம்." சொன்னால் செய்கிறவன் அவன். பிடிவாதம் எங்கள் குடும்பச் சொத்து, அதில் மட்டும் யாருக்கும் பங்கு குறையவில்லை.

இரண்டாவது ஓலைக்கு நாங்கள் யாரும் போகவில்லை. எனக்கு மட்டும் சாமியார் சொன்னதிலேயே மனசு சிக்கிக்கொண்டிருந்தது. பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றாளாமே? அதற்கடுத்த நாள் சாயங்காலம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தனியாகச் சாந்தோமுக்குப் போனேன். அம்மா கொல்லையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"எப்போலேர்ந்து?" என்று கேட்டேன். சுற்றிவளைக்க எனக்கு வராது.

அவளும் சுற்றிவளைக்கவில்லை. "அப்பா போன ரெண்டாம் வருஷம் அவரு கேட்டாரு. பொம்பளைப் புள்ளைக்கு ஞானத்தகப்பன் நீங்க, இது ஆகாது, சர்வேசுரன் பொறுக்கமாட்டாருன்னேன். அவருக்கும் அது தெரியும். தெரிஞ்சும் ஒருதரம் வாய்விட்டுக் கேட்டுட்டாரு. அன்னையிலேர்ந்துதான் வாசப்படியைத் தாண்டறதில்லை."

நாங்கள் மரியாதை என்று புகழ்ந்த வாசற்படி! இல்லாத சட்டம் ஒன்று. அதற்குப் பயந்து ஒருவர் வெளியே நின்றார், ஒருத்தி உள்ளே நின்றாள். நடுவில் தடையாக நான், ஒன்றும் தெரியாமல், புது வருஷத்துக்குப் புது வருஷம் அவர் முன்னால் முழங்காலிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

"ஏம்மா, இத்தனை வருஷத்துல ஒரு சாமியார்கிட்ட கேட்டிருக்கக் கூடாதா? பாவசங்கீர்த்தனத்துக்குத்தான் மாசா மாசம் போறியே!" எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. முந்தின வாரம் அவள் கட்டிக்கொள்கிறாளே என்று ஆத்திரம். இப்போது அன்றைக்கே கட்டிக்கொள்ளவில்லையே என்று. மனித ஜென்மத்தை என்ன சொல்ல!

அம்மா குழந்தையின் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

"கேட்டா, ஆமா பாவம்தான்னு சொல்லிட்டா? கேக்காம இருந்தா, ஒருவேளை இல்லையோ என்னவோன்னு நினைச்சுக்கிட்டாவது இருக்கலாம்ல."

பிறகு அண்ணன் செய்யப்போவதைச் சொன்னேன். சொல்லாமல் இருந்தால் கோயிலில் அவள் மயங்கி விழுந்துவிடுவாளோ என்று பயமாயிருந்தது. அவள் கேட்டுவிட்டுத் தலையை மட்டும் ஆட்டினாள்.

"சட்டம் அவன் பேச்சைக் கேட்காது. சாமியும் கேட்கமாட்டாரு. ஆனா நான் பெத்த புள்ள, பீடத்துக்கு முன்னாடி எழுந்து வேணாம்னு நின்னுட்டான்னா, நான் நிறுத்திடுவேன். அதுக்கு மேல எனக்குத் திராணி இல்ல. இதை அவன்கிட்ட சொல்லாதே. சொன்னா, அதுக்காகவே எழுந்து நின்னாலும் நின்னுடுவான்."

நான் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து அவனுக்குச் சோறு போடும்போதெல்லாம் தொண்டை வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். அவனோ பேயறைந்தவன் மாதிரி விடிகாலையில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, துவட்டாமல் எங்கேயோ நடந்துவிட்டு வருவான். ஒரு வாய்க்குமேல் சாப்பிடுவதில்லை.

மூன்றாவது ஞாயிறு கோயிலில் இடமில்லை. பெரிய வெள்ளிக்கிழமைக்கே வராதவர்களெல்லாம் வந்து நின்றார்கள். ஈக்காட்டுத்தாங்கலிலிருந்து ஒரு பெரியம்மா வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தாள், இதற்காகவே. ஞானப்பா ஆண்கள் பக்கம் கடைசித் தூணுக்குப் பின்னால் நின்றார். அண்ணன் முன்வரிசை. நான் அம்மாவின் பக்கத்தில். அவள் கையில் ஜெபமாலை இருந்தது, மணி நகரவில்லை.

சாமியார் காகிதத்தைப் பிரித்தார். அப்பாவின் பெயர், அம்மாவின் பெயர், அவர் பெயர். இது மூன்றாவதும் கடைசியுமான ஓலை என்றார். விக்கினம் உண்டென்று அறிந்தவர்கள் என்று ஆரம்பித்து, முடிக்கக்கூட இல்லை.

அண்ணன் இருமினான்.

கோயிலில் இருந்த அத்தனை முகமும் ஒரேயடியாக அவன் பக்கம் திரும்பின. சாமியாரும் காகிதத்திலிருந்து கண்ணை எடுத்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். அந்த முகத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அப்பாவைப் பெட்டியில் வைத்து மூடியபோதுகூட அப்படி இல்லை. பயம். பச்சைப் பயம். பெற்ற பிள்ளையைப் பார்த்து, இருமலைக் கேட்டு, அவள் பயந்து நடுங்கிக்கொண்டிருந்தாள். முதல் ஓலையில் எனக்கு விழுந்த இடியெல்லாம் ஒன்றுமில்லை. எங்களைக் கண்டு அம்மா பயப்படுவாள் என்பதுதான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது. அவள் கையைப் பிடித்தேன்.

அண்ணன் கைக்குட்டையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு இன்னொரு தரம் இருமினான். இன்னும் ஒரு தரம். கண்ணில் நீர் வர இருமிவிட்டு, குனிந்து உட்கார்ந்துகொண்டான். எழவில்லை. சாமியார் கொஞ்சம் பார்த்துவிட்டு, வாக்கியத்தை முடித்து, காகிதத்தை மடித்து வைத்தார். பிரசங்கம் தொடங்கியது. ஜனங்களுக்குச் சப்பென்று போய்விட்டது. பின்னாலிருந்து ஒரு பெருமூச்சே கேட்டது, ஈக்காட்டுத்தாங்கல் பெரியம்மாவாகத்தான் இருக்கவேண்டும்.

அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு என் காதருகே குனிந்தாள். ஏதோ ஜெபம் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

"அவனுக்குச் சளி பிடிச்சிருக்கே. உங்க வீட்ல ஈரத்தலையோட வெளிய போறானா? மிளகு தட்டிப்போட்டு ஒரு கஷாயம் வெச்சுக் குடுக்கக் கூடாதாடி?"

பூசை முடிந்து, மதில் ஓரமாகத் தனியே நின்ற அண்ணனிடம் போனேன். அம்மா சொன்னதை, மிளகு வரைக்கும், ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன்.

"எப்போ கேட்டாங்க?" என்றான்.

"நீ இருமினவுடனே."

அவன் முகம் போன போக்கை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். என் வீட்டுக்கு பஸ் ஏற மேற்கே போகவேண்டும். அவன் கிழக்கே, அம்மாவின் வீட்டுச் சந்தைப் பார்த்து நடந்தான். அது வெறும் இருமலா, எழுவதற்கு முன்னால் வந்த இருமலா என்று நான் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை. மறுநாள் அவனுடைய டிரங்குப் பெட்டியை லஸ் வரை பஸ்ஸில் கொண்டுவந்து, அங்கே அதே ரிக்‌ஷாவில் ஏற்றி அனுப்பினேன். அந்த வாரக் கல்யாணத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டது அவன்தான், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.